நீங்கள் இல்லாத நேரத்தில் கோப்பு அனுப்புதல்: தினசரி ஸ்கிரிப்டை அமைக்கும் முறை

நாள்தோறும் ஒரே வகைக் கோப்பை ஒரே இடத்துக்கு அனுப்பும் வேலை, பல சிறிய அலுவலகங்களில் இன்றும் யாரோ ஒருவருடைய நினைவாற்றலை நம்பியே நடந்துவருகிறது. மாலையில் கணக்கு முடித்ததும் பில்லிங் மென்பொருளிலிருந்து அன்றைய விற்பனைக் கோப்பை எடுத்து, தலைமை அலுவலகத்தின் சர்வரில் ஏற்றிவிட்டு அவர் வீட்டுக்குக் கிளம்புகிறார். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் கோப்பு போவதில்லை. இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பதற்கு ஒரு பிற்பகல் போதும். ஒப்படைத்த வேலை உண்மையிலேயே நாள்தோறும் நடக்கிறது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய நிலைக்கு வருவதற்குத்தான் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. இக்கட்டுரையின் பெரும்பகுதி அந்தக் கவனத்தைப் பற்றியதே.

எடுத்துக்காட்டாக, விண்டோஸ் கணினி ஒன்றில் டி டிரைவில் உள்ள ‘விற்பனை’ என்ற கோப்புறையிலிருந்து நாள்தோறும் ஒரு கோப்பை வெளியூர் சர்வருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அனுப்புவதற்கு இலவசமாகக் கிடைக்கும் வின்எஸ்சிபி மென்பொருளையும், நேரம் தவறாமல் இயக்குவதற்கு விண்டோஸிலேயே உள்ள டாஸ்க் ஷெட்யூலரையும் பயன்படுத்துவோம். லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு உரியவற்றைப் பிற்பகுதியில் சொல்கிறேன். கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஸ்கிரிப்டை, அதாவது கணினி வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளை எழுதிவைத்த கோப்பை, நீங்கள் கையால் ஓட்டிப் பார்க்கும்போது, உங்களை அறியாமலேயே அதற்குப் பலவகையில் துணைசெய்கிறீர்கள். உங்கள் கணக்கில் ஏற்கெனவே சேமித்துவைத்த கடவுச்சொல் அதற்குக் கிடைக்கிறது. வேறொரு கணினியின் கோப்புறையைக் காட்டும்படி காலையில் நீங்கள் இணைத்துவைத்த இசட் டிரைவ் அதன் கண்ணுக்குத் தெரிகிறது. ‘இந்தச் சர்வரை நம்பலாமா’ என்று திரை கேட்டால் ‘ஆம்’ என்று அழுத்த நீங்கள் இருக்கிறீர்கள். பிழை வந்தால் உடனே பார்த்துவிடுகிறீர்கள். நீங்கள் லாகின் செய்யாத நேரத்தில் அதே ஸ்கிரிப்ட் ஓடும்போது இவற்றில் ஒன்றுகூட இருக்காது. ஆகவே நாம் செய்யப்போகும் ஒவ்வொரு படியும், ஸ்கிரிப்டு உங்களைச் சார்ந்திருக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து நீக்குவதற்கான படியாகவே அமையும்.

முதலில் இணைப்பு

கோப்பு அனுப்பும் முறைகளில் மிகப் பழையது எஃப்டிபி. கான்பூர் ஐஐடியின் முதல் தொகுதி மாணவர்களுள் ஒருவரான அபய் பூஷண் 1971இல் அதன் முதல் வரைவை எழுதினார். இணையம் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத அந்தக் காலத்தில், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறைக்கப்படாமல் கம்பி வழியே போவது யாருக்கும் உறுத்தலாக இருந்திருக்காது. இன்று அப்படி அனுப்பக் கூடாது. உங்கள் சர்வர் எஃப்டிபியை மட்டுமே அனுமதித்தால், அதை நடத்துபவரிடம் எஸ்எஃப்டிபி இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். பெயர் ஒத்திருந்தாலும் இது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைவதற்காக 1995இல் பின்லாந்தில் உருவான எஸ்எஸ்எச் முறையின் மீது, வழக்கமாகச் சர்வரின் 22ஆம் போர்ட் (இணைப்பு வாயில்) வழியாக, அனைத்தையும் மறையாக்கம் செய்து அனுப்புகிறது.

அடுத்ததாக, கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக்கோப்பைப் பயன்படுத்துங்கள். கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதினால், அந்தக் கோப்பைத் திறக்க முடிகிற எவரும் அதைப் படித்துவிடலாம். வின்எஸ்சிபியுடன் சேர்ந்தே வரும் பட்டிஜென் என்ற கருவியைத் திறந்து, இடி25519 வகையைத் தேர்ந்தெடுத்து, ஒன்றோடொன்று பொருந்தும் பொதுச்சாவி, தனிச்சாவி என்ற இரண்டு கொண்ட சாவி இணையை உருவாக்குங்கள். அதில் பொதுச்சாவியைச் சர்வர் நிர்வாகியிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை உங்கள் கணக்கின் அனுமதிக்கப்பட்ட சாவிகள் பட்டியலில் சேர்ப்பார். தனிச்சாவி உங்கள் கணினியை விட்டு எங்கும் போகக் கூடாது. மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்புவதும் கூடாது. ஆளில்லாமல் இயங்க வேண்டியிருப்பதால் தனிச்சாவிக்கு மறைச்சொற்றொடர் (சாவியைத் திறக்கக் கேட்கப்படும் கடவுச்சொல்) வைக்காமல் விடுவதே வழக்கம். அதை ஈடுசெய்ய, சாவிக்கோப்பைப் படிக்கும் உரிமையை இந்த வேலைக்கான ஒரே கணக்குக்கு மட்டும் கொடுங்கள். சர்வரிலும் இந்தச் சாவியால் ஒரு கோப்புறையைத் தவிர வேறெதையும் தொட முடியாதபடி தனிக் கணக்கு ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். நிர்வாகியின் கணக்கையே இதற்குப் பயன்படுத்தும் பழக்கத்தை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வசதிக்காகச் செய்யும் அந்த ஒரு செயல், சாவி களவுபோகும் நாளில் முழுச் சர்வரையும் திறந்து கொடுத்துவிடும்.

இப்போது வின்எஸ்சிபியைத் திறந்து, சர்வரின் முகவரி, பயனர் பெயர், தனிச்சாவியின் இடம் ஆகியவற்றைக் கொடுத்து ஒருமுறை கையால் இணையுங்கள். முதல் இணைப்பின்போது சர்வரின் சாவித்தடம் ஒன்று திரையில் தோன்றி, ஏற்கலாமா என்று கேட்கும். அந்த எழுத்து வரிசையை நிர்வாகியிடம் தொலைபேசியில் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே ஏற்றுக்கொள்ளுங்கள். வேறொரு கணினி உங்கள் சர்வரின் பெயரில் வேடமிட்டு நின்றால் அதைக் காட்டிக்கொடுப்பது இந்தத் தடம்தான். எந்தத் தடமாக இருந்தாலும் ஏற்றுக்கொள் என்று ஸ்கிரிப்டில் எழுதவும் வழியுண்டு, அதைச் செய்யாதீர்கள்.

ஸ்கிரிப்டை எழுதுதல்

வெற்றுத் தாளில் தொடங்க வேண்டிய தேவை இல்லை. இணைப்பு திறந்திருக்கும்போது மெனுவில் ‘ஜெனரேட் செஷன் யூஆர்எல்/கோட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஸ்கிரிப்ட் பகுதியில் ‘பேட்ச் ஃபைல்’ வடிவத்தைக் கேட்டால், உங்கள் பயனர் பெயர், சாவியின் இடம், சர்வரின் தடம் எல்லாம் நிரப்பப்பட்ட ஒரு பேட்ச் கோப்பை (விண்டோஸ் நேரடியாக ஓட்டக்கூடிய ஸ்கிரிப்டை) மென்பொருளே எழுதிக் கொடுக்கிறது. அதில் உங்கள் கட்டளை வர வேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருக்கும். அங்கே ‘புட்’ என்ற கட்டளையையும், அதன்பின் அனுப்ப வேண்டிய கோப்பின் முழு முகவரியையும், சர்வரில் அது போய்ச் சேர வேண்டிய கோப்புறையையும் எழுதினால் போதும்.

அந்தப் பேட்ச் கோப்பில் இருக்கும் சில பகுதிகள் தேவையற்றவை போலத் தோன்றும், அவற்றை அழித்துவிடாதீர்கள். ‘இனி’ என்ற சுவிட்சுக்கு (கட்டளையோடு சேர்க்கும் விருப்பத்துக்கு) ‘நல்’ என்ற மதிப்பு கொடுக்கப்பட்டிருப்பதன் பொருள், உங்கள் சொந்தக் கணக்கில் சேமித்த அமைப்புகள் எதையும் எதிர்பாராமல் ஸ்கிரிப்டு தன்னிறைவாக இயங்க வேண்டும் என்பதாகும். நடந்தவற்றைப் பதிவுசெய்யும் லாக் கோப்பின் இடத்தைச் சொல்லும் பகுதியில், அந்தக் கணக்குக்கு எழுத உரிமையுள்ள ஒரு கோப்புறையின் முழு முகவரியைக் கொடுங்கள். இறுதியில், வின்எஸ்சிபி தந்த முடிவு எண்ணைப் பிடித்துவைத்து, அதே எண்ணுடன் பேட்ச் கோப்பை முடிக்கும் வரிகள் இருக்கும். இந்தக் கடைசி வரிகளே முழு ஏற்பாட்டிலும் முக்கியமானவை என்பது என் கருத்து. 0 என்றால் வெற்றி. வேறு எந்த எண்ணாக இருந்தாலும் தோல்வி.

அது எவ்வளவு முக்கியம் என்பதை நான் கற்றுக்கொண்ட நிகழ்வைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்காக நான் எழுதிய பேட்ச் கோப்பில், அனுப்பும் கட்டளைக்குப் பிறகு லாக் கோப்பை வேறொரு கோப்புறைக்கு நகலெடுக்கும் வரி ஒன்றைச் சேர்த்திருந்தேன். சர்வரில் கணக்கு முடக்கப்பட்ட நாளிலிருந்து அனுப்புதல் தோற்றுக்கொண்டே இருந்தது. ஆனால் அதன்பின் வந்த நகலெடுத்தல் ஒவ்வொரு நாளும் வெற்றிபெற்றது. டாஸ்க் ஷெட்யூலர் கடைசி வரியின் முடிவை மட்டுமே பார்த்ததால் 17 நாட்கள் தொடர்ந்து ‘வெற்றி’ என்றே காட்டியது. மாதக் கடைசியில் கணக்கர் கோப்புகளைத் தேடியபோதுதான் உண்மை வெளிவந்தது. அனுப்பும் கட்டளைக்குப் பின் நீங்கள் எந்த வரியைச் சேர்த்தாலும், அதற்கு முன்பே முடிவு எண்ணை ஒரு மாறியில் (ஸ்கிரிப்டு ஒரு மதிப்பை நினைவில் வைக்கும் இடத்தில்) பத்திரப்படுத்திவிட்டு, இறுதியில் அந்த எண்ணையே திருப்பித் தாருங்கள்.

கோப்பின் பெயர்

நாள்தோறும் ஒரே பெயரில் அனுப்பினால், நேற்றைய கோப்பின் மேல் இன்றைய கோப்பு எழுதப்பட்டுவிடும். இன்றைய கோப்பு பழுதாக இருந்தால் நல்ல நகலும் போய்விடும். ஆகவே பெயரோடு தேதியைச் சேர்ப்பது அவசியம். அதை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால், பெயர்வரிசையில் அடுக்கும்போது கோப்புகள் கால வரிசையில் தாமாகவே நிற்கும். வின்எஸ்சிபியில் ‘டைம்ஸ்டாம்ப்’ என்ற சொல்லை இரண்டு % குறிகளுக்கு நடுவில் எழுதி, # குறிக்குப் பின் தேதி வடிவத்தைக் கொடுத்தால் அன்றைய தேதி அந்த இடத்தில் நிரம்பும். பேட்ச் கோப்புக்குள் எழுதும்போது ஒவ்வொரு % குறியையும் %% என்று இரட்டிக்க வேண்டும் என்பதை மறந்தால், தேதி வராமல் குழப்பமான பெயர் ஒன்று உருவாகும். நள்ளிரவுக்குப் பின் ஓடும் ஸ்கிரிப்டுக்கு ‘இன்று’ என்பது மறுநாள் என்பதையும் கவனியுங்கள். டைம்ஸ்டாம்ப் என்ற சொல்லையடுத்து -1 என்ற எண்ணையும் நாளைக் குறிக்கும் ‘டி’ என்ற எழுத்தையும் சேர்த்தால் முந்தைய நாளின் தேதி கிடைக்கும்.

அனுப்பிய பிறகு மூலக் கோப்பை அழிக்கச் சொல்லும் விருப்பமும் ‘புட்’ கட்டளைக்கு உண்டு. தொடக்கத்தில் அதைப் பயன்படுத்தாதீர்கள். வெற்றிகரமாகப் போன கோப்பை ‘அனுப்பியவை’ என்ற கோப்புறைக்கு நகர்த்தி, ஒரு மாதம் வைத்திருந்து பிறகு நீக்குவதே பாதுகாப்பானது. இரு பக்கத்தையும் ஒத்திசைக்கும் ‘சிங்க்ரனைஸ்’ கட்டளையோடு அழிக்கும் விருப்பத்தைச் சேர்ப்பது இதைவிட ஆபத்தானது: உங்கள் பக்கக் கோப்புறை ஏதோ ஒரு காரணத்தால் காலியாகத் தெரிந்தால், சர்வரில் இருப்பதையும் அது காலிசெய்துவிடும்.

நேரத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான வழிகாட்டிகள் அதிகாலை 2 மணியைப் பரிந்துரைக்கின்றன. இரவு முழுதும் இயங்கும் சர்வர்களுக்கு அது பொருந்தும். நம் ஊர்க் கடைகளிலும் சிறிய அலுவலகங்களிலும் இரவில் பூட்டிக்கொண்டு போகும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். உறக்க நிலையில் உள்ள கணினியை டாஸ்க் ஷெட்யூலரால் எழுப்ப முடியும்; மின்சாரமே இல்லாத கணினியை எழுப்ப முடியாது. அத்தகைய இடத்தில் கணக்கு முடிக்கும் நேரத்துக்கும் கடை பூட்டும் நேரத்துக்கும் இடையே, இரவு 8:40 போன்ற ஒரு நேரமே சரியானது. சரியாக 8:00, 9:00 என்று வைக்காமல் இடைப்பட்ட நிமிடமாக வையுங்கள். ஒரே சர்வருக்குப் பல கிளைகள் அனுப்பும்போது எல்லாம் ஒரே நொடியில் போய் மோதாமல் இருக்கும்.

டாஸ்க் ஷெட்யூலரில் பதிவு செய்தல்

ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டி டாஸ்க் ஷெட்யூலரைத் திறங்கள். ‘கிரியேட் பேசிக் டாஸ்க்’ என்ற எளிய வழி கண்ணைக் கவரும். ஆனால் நமக்கு வேண்டிய அமைப்புகள் பல அதில் வருவதில்லை. ‘கிரியேட் டாஸ்க்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

‘ஜெனரல்’ பக்கத்தில், பயனர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இயக்கு என்று பொருள்படும் விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேமிக்கும்போது விண்டோஸ் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். பின்னாளில் யாராவது அந்தக் கடவுச்சொல்லை மாற்றினால் வேலை அன்றோடு நின்றுவிடும். ஆகவே ஊழியர் ஒருவரின் அன்றாடக் கணக்கைத் தவிர்த்து, இதற்கென்றே ஒரு விண்டோஸ் கணக்கை உருவாக்கி, விற்பனைக் கோப்புறை, சாவிக்கோப்பு, லாக் கோப்புறை ஆகியவற்றுக்கு மட்டும் உரிமை கொடுப்பது நல்லது.

‘ட்ரிகர்ஸ்’ பக்கத்தில் ‘டெய்லி’ என்பதையும் நேரத்தையும் கொடுப்பதோடு வேலை முடிந்தது. ‘ஆக்‌ஷன்ஸ்’ பக்கத்தில் பேட்ச் கோப்பின் முழு முகவரியைக் கொடுத்து, ‘ஸ்டார்ட் இன்’ என்ற கட்டத்தில் அது இருக்கும் கோப்புறையை எழுதுங்கள். அதைக் காலியாக விட்டால் ஸ்கிரிப்டு விண்டோஸின் சொந்தக் கோப்புறையான சிஸ்டம்32இல் நின்றுகொண்டு உங்கள் கோப்பைத் தேடும். அந்தக் கட்டத்தில் முகவரியைச் சுற்றி மேற்கோள் குறி இடக் கூடாது. இட்டால் வேலை தொடங்காது. விற்பனைக் கோப்பு வேறொரு கணினியின் பகிர்வில் இருந்தால், இசட் டிரைவ் என்று எழுதாமல், இரண்டு பின்சாய்வுக் கோடுகளுடன் தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியை ஸ்கிரிப்டில் எழுதுங்கள். நீங்கள் இணைத்த டிரைவ் எழுத்து உங்கள் லாகினுக்கு மட்டுமே உரியது.

‘கண்டிஷன்ஸ்’ பக்கத்தைப் பலர் திறப்பதே இல்லை. கணினி மின்னிணைப்பில் இருந்தால் மட்டுமே தொடங்கு என்ற விருப்பம் அங்கே முன்னிருப்பாகவே தேர்வுசெய்யப்பட்டிருக்கும். மடிக்கணினியில் இந்த வேலையை வைத்திருந்து, சார்ஜர் செருகாத ஒரு நாளில் கோப்பு போகவில்லை என்றால் காரணம் இதுவே. ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில், குறித்த நேரம் தவறிப்போனால் முடிந்தவரை விரைவில் இயக்கு என்ற விருப்பத்தை இயக்கிவிடுங்கள். மின்தடையால் 8:40 தவறினாலும் கணினி மீண்டதும் கோப்பு போய்விடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிதாகத் தொடங்காதே என்ற விதியும் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். வேலை அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற வரம்பு முன்னிருப்பாக 3 நாள் என்றிருக்கும். தினசரி வேலைக்கு அதை 1 மணி நேரமாகக் குறைப்பது பொருத்தம்.

பிறகு வலப்பக்கப் பட்டியில் எல்லா வேலைகளின் வரலாற்றையும் பதிவுசெய்யும் வசதி அணைந்திருந்தால் அதை இயக்குங்கள். அது இல்லாமல், நேற்று என்ன நடந்தது என்று கண்டறிவது இருட்டில் தேடுவதாகிவிடும்.

சோதித்துப் பார்த்தல்

சோதனையை நான்கு முறை செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் வேறொன்றை நிரூபிக்கிறது. முதலில் பேட்ச் கோப்பைக் கருப்புத் திரையில் நீங்களே ஓட்டுங்கள். அடுத்து டாஸ்க் ஷெட்யூலரில் அதன் பெயரின் மேல் வலச்சொடுக்கி ‘ரன்’ கொடுங்கள். மூன்றாவதாக, நேரத்தை ஐந்து நிமிடம் தள்ளி வைத்து, லாக்-ஆஃப் செய்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். திரும்பி வந்து சர்வரில் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டும் வென்று மூன்றாவது தோற்றால், உங்கள் லாகினைச் சார்ந்த ஏதோ ஒன்று ஸ்கிரிப்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நான்காவதாக, வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். நெட்வொர்க் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். சாவிக்கோப்பின் பெயரை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். ‘லாஸ்ட் ரன் ரிசல்ட்’ என்ற பத்தியில் 0x0 என்பது வெற்றியைக் குறிக்கும். கம்பி கழன்ற நிலையிலும் அங்கே 0x0 வந்தால், முடிவு எண்ணைத் திருப்பித் தரும் வரிகளில் பிழை இருக்கிறது. 0x41301 என்றால் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நெடுநேரம் அப்படியே நின்றால், யாரும் பார்க்காத திரையில் ஏதோ கேள்விக்கு அது பதில் எதிர்பார்த்துக் காத்திருக்கக்கூடும்.

லினக்ஸ் சர்வரில்

இங்கே டாஸ்க் ஷெட்யூலரின் இடத்தில் கிரான் இருக்கிறது. கிரான்டேப் பட்டியலில் ஒரு வரி ஐந்து இடங்களுடன் தொடங்கும்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. நாள்தோறும் இரவு 8:40க்கு என்றால் 40 20 * * * என்று எழுதி, அதன்பின் ஸ்கிரிப்டின் முழு முகவரியைத் தர வேண்டும். தேதி, கிழமை இரண்டையும் ஒருசேரக் குறிப்பிட்டால் இரண்டும் பொருந்தும் நாளில் மட்டும் ஓடும் என்று நினைக்கத் தோன்றும்; உண்மையில் இரண்டில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே ஓடிவிடும்.

வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. இந்திய, இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால், நம் இரவு 8:40க்கு அங்கே 10 15 * * *, அதாவது பிற்பகல் 3:10 என்று எழுத வேண்டும். நம் அதிகாலை 2:17 அங்கே முந்தைய நாளின் 20:47 ஆகிவிடுவதால், கோப்புப் பெயரில் வரும் தேதியும் ஒரு நாள் பின்தங்கும்.

கிரான் தன் கட்டளைகளுக்கு மிகக் குறைந்த சூழலையே கொடுக்கிறது. உங்கள் டெர்மினலில் கிடைக்கும் பாதைகள் பலவும் அதற்குத் தெரியாது. எனவே ஸ்கிரிப்டுக்குள் ஒவ்வொரு நிரலையும் முழு முகவரியோடு அழையுங்கள். கிரான்டேப் வரிக்குள் % குறி வந்தால் அது புதிய வரியாகக் கொள்ளப்படும் என்பதால், தேதி சேர்க்கும் வேலையை அந்த வரியில் செய்யாமல் ஸ்கிரிப்டுக்குள் செய்துவிடுங்கள். கோப்புகளை அனுப்ப ஆர்சிங்க் என்ற கருவி மிகவும் ஏற்றது. பெரிய கோப்பில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புவதற்காக ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மக்கெராசும் 1996இல் வெளியிட்டது அது. முதல் முறை ஓட்டும்போது ‘டிரை ரன்’ விருப்பத்தைச் சேர்த்து, என்ன நடக்கும் என்பதை மட்டும் காட்டச் சொல்லுங்கள். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்குவதைத் தடுக்க, எஃப்லாக் என்ற சிறு கட்டளையால் ஸ்கிரிப்டைப் பூட்டி இயக்குங்கள். நாள் முழுதும் இயங்காத லினக்ஸ் கணினியானால், தவறிய நேரத்தைப் பிறகு ஈடுசெய்யும் அனாக்ரானையோ, ‘பெர்சிஸ்டன்ட்’ அமைப்புடன் கூடிய சிஸ்டம்டி டைமரையோ நாடுவது நல்லது.

வந்து சேர்ந்ததா?

தோல்வி நேரும்போது மின்னஞ்சல் அனுப்பும்படி பலர் அமைக்கிறார்கள். கணினியே அணைந்திருந்தால் அந்த மின்னஞ்சலும் வராது. மின்னஞ்சல் வராததை எல்லாம் நலம் என்று எடுத்துக்கொண்டுவிடுவோம். அதனால் சரிபார்ப்பைப் பெறும் பக்கத்தில் வைக்க வேண்டும். இரவு 10 மணிக்குச் சர்வரில் ஓடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று, இன்றைய தேதியிட்ட கோப்பு வந்திருக்கிறதா, அதன் அளவு பூச்சியமாக இல்லாமல் வழக்கமான அளவுக்கு அருகில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பொறுப்பாளருக்குச் செய்தி அனுப்பட்டும். பாதியில் அறுந்த கோப்பை முழுக் கோப்பாகக் கருதிவிடும் அச்சமும் உண்டு. எஸ்எஃப்டிபியில் 100 கேபிக்கு மேற்பட்ட கோப்புகளை வின்எஸ்சிபி முன்னிருப்பாக ‘ஃபைல்பார்ட்’ என்ற பின்னொட்டுடன் ஏற்றி, முழுதும் சேர்ந்த பிறகே உரிய பெயருக்கு மாற்றுகிறது. பெறும் பக்கத்து நிரல் அந்தப் பின்னொட்டுள்ள கோப்புகளைத் தொடாமல் இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை, சர்வரில் உள்ள ஏதேனும் ஒரு கோப்பை இறக்கி, பில்லிங் மென்பொருளில் திறந்து, அந்த நாளின் மொத்தத் தொகை அன்றைய கணக்குப் புத்தகத்தில் உள்ள தொகையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சாவிக்கோப்பு இருக்கும் இடம், சர்வர் நிர்வாகியின் தொடர்பு, விண்டோஸ் கணக்கின் பெயர், ஓடும் நேரம், லாக் கோப்புறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அந்தக் கணக்குப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிவையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம்.